நான்கு இயந்திரங்களும் நான்காம் இயந்திரமும்

1982 ஜூன் 24, இரவு. கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகரை நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஒன்பதாம் எண் விமானம் ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. போயிங் 747 வகையைச் சேர்ந்த அவ்விமானத்தில் பயணிகளும் பணியாளர்களுமாக 263 பேர் இருந்தனர். வானிலை ரேடாரில் எதுவும் தென்படவில்லை. ஆயினும் முகப்புக் கண்ணாடியின்மேல் ஒளிப்பொறிகள் படர்ந்தன. இயந்திரங்களின் வாய்கள் உள்ளே விளக்கேற்றி வைத்தாற்போல் ஒளிர்ந்தன. பயணியர் பகுதிக்குள் கந்தக நெடியுடன் புகை பரவியது. முதலில் நான்காம் இயந்திரம் நின்றது. ஓரிரு நிமிடங்களுக்குள் மற்ற மூன்றும் நின்றன.

விமானி அறையிலிருந்து ஜகார்த்தா கட்டுப்பாட்டு மையத்துக்கு அபாயச் செய்தி சென்றது. நான்கு இயந்திரங்களையும் இழந்துவிட்டோம் என்பதே அச்செய்தி. கட்டுப்பாட்டு மையமோ, நான்காம் இயந்திரம் மட்டும் நின்றுவிட்டதாகப் புரிந்துகொண்டது. அப்பகுதியில் பறந்துகொண்டிருந்த கருடா இந்தோனேசியா விமானம் ஒன்று இடைப்புகுந்து செய்தியை எடுத்துரைத்த பிறகே உண்மை நிலை விளங்கிற்று. அதற்குள் அப்பெருவிமானம் ஓசையின்றிக் கீழிறங்கிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது நியாயமன்று. ஒரு விமானத்தில் ஓர் இயந்திரம் பழுதாவது கட்டுப்பாட்டாளர்கள் பயிற்சியில் அறிந்த நிகழ்ச்சி. தனித்தனியே இயங்கும் நான்கு இயந்திரங்களும் ஒரே வேளையில் நிற்பது அன்றைய அறிவில் நடக்கவே இயலாத ஒன்று. இரைச்சல் மிகுந்த வானொலியில், இருவருக்கும் பொதுவான ஆங்கிலத்தில், ‘நான்கு’ என்ற எண்ணும் ‘இயந்திரம்’ என்ற பெயரும் காதில் விழுந்தால், மனம் தனக்கு நம்பத்தக்க பொருளையே தேர்ந்துகொள்ளும். செவி ஒலியைக் கேட்கிறது. பொருளைக் கேட்பது முன்னறிவு. அந்த முன்னறிவு இல்லாத இடத்தில் சரியாகச் சொல்லப்பட்ட சொல்லும் தவறாகவே சென்று சேரும்.

எரிமலைச் சாம்பலால் விமானங்களுக்கு நேரும் ஆபத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தைப் பற்றி எழுதுகின்றனர். அது தேவையானதே. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலான வரலாற்றை அடுக்கிப் பார்க்கும்போது, இந்த ஆபத்தின் வேர் செய்தியில் இருப்பது தெரியவரும். இடியும் மழையும் விமானிக்கு ரேடாரில் தெரியும். மலை வரைபடத்தில் இருக்கும். பறவையைச் சில வேளைகளில் கண் காணும். சாம்பலை மட்டும் பிறர் சொல்லித்தான் விமானி அறிய முடியும். ஆகவே, சொல்லும் அமைப்பு எவ்வளவு உறுதியானதோ அவ்வளவே விமானமும் பாதுகாப்பானது. அந்த அமைப்பின் முதல் கண்ணி இன்றும் உலகின் ஏழை நிலங்களில் அறுந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, விமானம் ரத்தானதைப் பற்றி மட்டும் சினம் கொள்வது நோயை விட்டு மருந்தைத் திட்டுவதாகும்.

முதற்பிழை பெயரிலேயே தொடங்குகிறது. தமிழில் ‘சாம்பல்’ என்றதும் மனத்தில் எழுவது எரிந்து தணிந்த பொருள்: விறகடுப்பின் அடியில் குவிந்து கிடப்பது, விரலால் தொட்டால் மாவாய் ஒட்டுவது, ஊதினால் பறப்பது. ‘சாம்பலாயிற்று’ என்றால் எல்லாம் முடிந்தது என்று பொருள். நெற்றியில் இடும் நீறும் அக்குடும்பத்துச் சொல்லே. இனி எரிய ஒன்றுமில்லை, இனித் தீங்கு செய்ய ஒன்றுமில்லை என்ற தணிவு அச்சொல்லுக்குள் இருக்கிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய பிழையும் அன்று. எரிமலை உமிழும் துகள்கள் அனைத்துக்கும் அறிவியல் இட்டிருக்கும் ‘டெஃப்ரா’ என்ற பெயரும் கிரேக்க மொழியில் சாம்பலைக் குறித்த சொல்லே.

எரிமலைச் சாம்பலோ எரிந்த பொருளே அன்று. அது பாறை. நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் பிற வாயுக்களும், குழம்பு மேலேறி அழுத்தம் குறையும்போது திடீரென விரிகின்றன. அவ்விரிவில் குழம்பு சிதறித் தூளாகிறது. காற்றில் கணத்தில் குளிர்வதால் அத்தூளின் பெரும்பகுதி கண்ணாடியாக உறைகிறது. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான குறுக்களவுள்ள பாறைத் துணுக்கு, கனிமப் படிகம், கண்ணாடிச் சில்லு ஆகியவற்றின் கலவைக்கே எரிமலைச் சாம்பல் என்று பெயர். இது நீரில் கரையாது, விளிம்புகள் கூரியவை. பித்தளைப் பாத்திரத்தை அடுப்புச் சாம்பலால் தேய்த்த தலைமுறைக்குச் சாம்பலின் அராவும் இயல்பு தெரியும். விண்ணில் பறக்கும் இச்சாம்பல், உடைத்த கண்ணாடியை அம்மியில் அரைத்துத் தூவியதற்கு ஒப்பானது.

மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டர் விரைவில் செல்லும் விமானம் இத்தூளுக்குள் நுழைந்தால் என்ன நேரும்? முதலில் முகப்புக் கண்ணாடி தேய்ந்து பால்படிந்ததுபோல் மங்குகிறது. இறக்கைகளின் முன்விளிம்புகளும் இயந்திரத்தின் முன்தகடுகளும் அராவப்படுகின்றன. காற்றின் விரைவை அளக்கும் பிடோ குழாய்கள் அடைபட்டால், விமானம் எவ்வளவு விரைவில் செல்கிறது என்பதை விமானியால் நம்பி அறிய இயலாது. இவையெல்லாம் வெளிக்காயங்கள். உயிர்நிலையில் விழும் அடி இயந்திரத்துக்குள் நிகழ்கிறது.

ஜெட் இயந்திரத்தின் எரியறை வெப்பம் 1,400 டிகிரி செல்சியஸையும் தாண்டும். சாம்பலில் உள்ள சிலிக்கேட் கண்ணாடியோ 1,100 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். ஆகவே தூளாக உள்ளே சென்றது எரியறையில் பாகாகிறது. பின்னால் இருக்கும் டர்பைன் பகுதி சற்றே குளிர்ந்தது. அங்கே உள்ள தகடுகளின்மேல் அந்தப் பாகு படிந்து இறுகுகிறது. காற்று வெளியேறும் இடைவெளிகள் சுருங்குகின்றன. உள்ளே அழுத்தம் நிலைகுலைந்து காற்றோட்டம் பின்னோக்கித் திமிறுகிறது, தீ அணைகிறது. எரிமலை பாறையை உருக்கியது போல இயந்திரமும் அதே பாறையை மீண்டும் உருக்கிவிடுகிறது. இயந்திரத்தை இயக்கும் வெப்பமே அதற்குப் பகையாகிறது.

இதிலிருந்தே மீட்சிக்கான வழியும் கிடைக்கிறது. நின்றுபோன இயந்திரம் குளிரும்போது, படிந்த கண்ணாடி நொறுங்கும் தன்மை அடைந்து ஓரளவு உதிர்கிறது. சாம்பல் இல்லாத காற்றும் கிடைத்தால் மீண்டும் பற்றவைக்க முடியலாம். 1982-இல் நடந்தது அதுவே. ஏறத்தாழ 13 நிமிடங்கள் இயந்திரமின்றி மிதந்து, பதின்மூவாயிரம் அடி அளவுக்கு இறங்கிய பிறகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. அவற்றுள் ஒன்றை மீண்டும் நிறுத்த வேண்டியதாயிற்று. எஞ்சிய மூன்றைக் கொண்டு, ஏறத்தாழ ஒளிபுகாததாகிவிட்ட முகப்புக் கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்த சிறு கீற்றின் வழியே ஓடுபாதையைப் பார்த்து, ஜகார்த்தாவில் விமானத்தை இறக்கினார் தலைமை விமானி எரிக் மூடி. எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தங்களுக்கு நேர்ந்தது என்ன என்பது தரையிறங்கிய பிறகே தெரியவந்தது. ஜாவாவின் கலுங்குங் எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது. ஊர்கள் அதை அறிந்திருந்தன. விமானி அறை அறிந்திருக்கவில்லை.

அந்த வான்வெளி சிறிது காலம் மூடப்பட்டுப் பின்னர்த் திறக்கப்பட்டது. மூன்று வாரங்கள் முடிவதற்குள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மற்றொரு 747 அதே எரிமலையின் சாம்பலில் சிக்கி, இயந்திரங்களை நிறுத்தும் நிலைக்கு உள்ளாகி ஜகார்த்தாவில் இறங்கிற்று. ஒரு விமானத்தின் அனுபவம் அடுத்த விமானத்துக்கு எச்சரிக்கையாக மாறுவதற்கு மூன்று வாரங்கள்கூடப் போதவில்லை.

இங்கே ஒரு வினா எழலாம். ரேடார் ஏன் உதவவில்லை? விமானத்தின் வானிலை ரேடார், மழைத்துளி போன்ற ஈரமான பெருந்துளிகளிலிருந்து திரும்பிவரும் அலைகளைக் காண்பதற்கென அமைக்கப்பட்டது. உலர்ந்த நுண்தூள் அதன் பார்வைக்கு ஏறத்தாழ வெறுங்காற்றே. பகலில் சாம்பல் மேகம் சாதாரண மேகம்போல் தோன்றும். இரவில் அதுவும் தோன்றாது. எரிமலையிலிருந்து நெடுந்தொலைவு கடந்து மெலிந்த சாம்பல், நண்பகலிலும் கண்ணுக்குத் தப்பும்.

அவ்வாறு தப்பிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2000 பிப்ரவரி இறுதியில் நாசாவின் டிசி-8 ஆய்வு விமானம் ஒன்று ஸ்வீடனின் கிருனா நகருக்குச் செல்லும் வழியில், ஐஸ்லாந்தின் ஹெக்லா எரிமலையிலிருந்து கிளம்பிப் பரவிய மெல்லிய சாம்பல் ஊடே இரவில் பறந்தது. விமானிகள் எதையும் காணவில்லை, நெடி இல்லை, பொறி இல்லை, இயந்திர அளவீடுகளில் மாற்றமில்லை. உள்ளே இருந்த நுண்ணிய அறிவியல் கருவிகள் மட்டுமே சாம்பலைப் பதிவு செய்தன. பின்னர் இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்தபோது உட்பகுதிகள் சேதமுற்றிருந்தன. நான்கு இயந்திரங்களையும் செப்பனிட 32 லட்சம் டாலர் செலவாயிற்று. ஆய்வுக் கருவிகளைச் சுமக்காத சாதாரணப் பயணியர் விமானமாக அது இருந்திருந்தால், சேதம் உள்ளேயே இருக்க, அடுத்த பயணத்துக்குப் புறப்பட்டிருக்கும். ‘சாம்பலுக்குள் பறந்தோம், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லும் சாட்சியத்தை ஏன் முழுமையாக ஏற்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது பாடம் அலாஸ்காவிலிருந்து வந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஆங்கரேஜ் வழியாக டோக்கியோ செல்லவேண்டிய கேஎல்எம் 867-ஆம் எண் விமானம் 1989 டிசம்பர் 15 அன்று ரிடவுட் எரிமலையின் சாம்பலுக்குள் சிக்கியது. அப்புத்தம்புதிய 747-400 விமானத்துக்கு வயது ஆறு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே 245 பேர். 1982-இல் போல இம்முறை எரிமலை எவரும் அறியாததன்று. அது முதல்நாளே வெடிக்கத் தொடங்கியிருந்தது. விமானிகளும் கட்டுப்பாட்டாளரும் அதை அறிந்திருந்தனர். சாம்பல் அந்தக் கணத்தில் துல்லியமாக எங்கே இருக்கிறது என்பதே தெரியாதிருந்தது.

விமானம் கருமேகத்துக்குள் புகுந்ததும் விமானிகள் இயல்பாகத் தோன்றக்கூடியதைச் செய்தனர்: முழு விசை கொடுத்து மேலேறித் தப்ப முயன்றனர். முழு விசை என்பது கூடுதல் வெப்பம்; கூடுதல் வெப்பம் என்பது கூடுதல் உருகல். நான்கு இயந்திரங்களும் நின்றன. 14,000 அடிக்கு மேல் கீழிறங்கிய பிறகு அவை மீண்டும் இயங்க, விமானம் ஆங்கரேஜில் பாதுகாப்பாக இறங்கியது. சேதம் எட்டுக் கோடி டாலரைத் தாண்டியது. நான்கு இயந்திரங்களும் மாற்றப்பட்டன. இன்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுவது இதற்கு நேர்மாறானது: விசையைக் குறை, வந்த வழியே திரும்பு, முடிந்தால் கீழிறங்கு. உள்ளுணர்வுக்கு எதிரான இவ்விதியைப் படித்தும் பயின்றும்தான் பெற முடியும். அந்தக் கறுப்பு மேகத்துக்குள் இருந்தபடி எவரும் அதைக் கண்டுபிடிக்க இயலாது.

இவ்விரு நிகழ்ச்சிகளின் அழுத்தத்தில் உருவானதே இன்றைய எச்சரிக்கை அமைப்பு. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1987-இல் எரிமலைக் கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. பின்னர் 1990-களில் உலகின் வான்வெளி ஒன்பது சாம்பல் ஆலோசனை மையங்களிடையே பகிர்ந்தளிக்கப்பட்டது. லண்டன், துலூஸ், ஆங்கரேஜ், வாஷிங்டன், மாண்ட்ரியல், புவனோஸ் ஐரிஸ், டார்வின், டோக்கியோ, வெலிங்டன் ஆகியவை அவை. செயற்கைக்கோள் படங்களையும் காற்றோட்டக் கணிப்புகளையும் கொண்டு சாம்பல் எங்கே, எந்த உயரத்தில், எத்திசையில் செல்லும் என்று இம்மையங்கள் அறிவிக்கின்றன. எரிமலையின் நிலையைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நான்கு நிறச்சொற்களால் சொல்லும் வழக்கமும் ஏற்பட்டது. ஒரு மொழியியல் மாணவரின் கண்ணுக்கு இது வியப்புக்குரியது: எந்த நாட்டு விமானியும் எந்த இரைச்சலிலும் பிறழ உணராத நான்கே சொற்களைக் கொண்ட ஒரு சிறுமொழி. ‘நான்கு’க்கும் ‘நான்காம்’ என்பதற்கும் இடையே நேர்ந்த அந்தப் பிழை மீண்டும் நேராதிருக்க மனிதர்கள் செய்த முயற்சிகளில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

இந்த அமைப்பு பெற்ற பெருஞ்சோதனை 2010-இல் வந்தது. ஏப்ரல் 14 அன்று ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை பனியாற்றின் அடியிலிருந்து வெடித்தது. உருகிய பனிநீரும் பாறைக்குழம்பும் கலந்ததால் மிக நுண்ணிய சாம்பல் எழுந்தது. காற்று அதை ஐரோப்பாவின்மேல் கொண்டுசேர்த்தது. ஏறத்தாழ ஒரு வாரம் ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி மூடப்பட்டது. ஒரு லட்சம் அளவிலான விமானப் பயணங்கள் ரத்தாயின. ஏறத்தாழ ஒரு கோடிப் பயணிகள் இடையில் நின்றனர். விமான நிறுவனங்களின் வருவாய் இழப்பு 170 கோடி டாலர் என அவற்றின் பன்னாட்டுச் சங்கம் மதிப்பிட்டது. கென்யாவில் ஐரோப்பியச் சந்தைக்கெனப் பறிக்கப்பட்ட மலர்கள் கிடங்குகளில் வாடின. நாள்கூலி பெறும் தொழிலாளருக்கு வேலை இல்லாமற்போயிற்று.

அந்த மூடல் மிகையானது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது; இன்றும் எழுகிறது. அதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அன்றிருந்த விதி, சாம்பல் எங்கிருப்பினும் தவிர்க்க என்பதே. எவ்வளவு சாம்பலை இயந்திரம் தாங்கும் என்ற எண்ணிக்கையை உற்பத்தியாளர்கள் அதுவரை தந்திருக்கவில்லை. விமான நிறுவனங்கள் பயணியரின்றிச் சோதனைப் பறப்புகள் நடத்திச் சேதமில்லை என்று அறிவித்தன. அழுத்தம் மிகுந்த சில நாட்களுக்குள், ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற வரம்பு பிறந்தது. அடுத்த மாதமே சில நிபந்தனைகளுடன் அது 4 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. பல ஆண்டுகள் கேட்கப்படாதிருந்த ஒரு வினாவுக்கு, பணம் இழக்கத் தொடங்கிய ஒரே வாரத்தில் விடை கிடைத்தது என்பது எவருக்கும் பெருமை தருவதன்று.

ஆயினும் மறுபக்கத்துச் சான்றுகளும் கனமானவை. வான்வெளி மூடப்படுவதற்குச் சற்றுமுன் பறந்த பின்லாந்து வான்படையின் போர் விமானங்களின் இயந்திரங்களுக்குள் உருகிப் படிந்த சாம்பல் காணப்பட்டது. ஐஸ்லாந்து, கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வெடிப்பின் முதல்நாட்களில் எழுந்த சாம்பல் வழக்கத்துக்கு மாறாகக் கூர்மையும் கடினமும் கொண்டிருந்ததைக் காட்டி, விமானங்களை நிறுத்தியது சரியே என்று முடிவு கூறியது. மூடியது தவறன்று. எண்ணிக்கையைக் கேட்டுப் பெறாமல் முப்பது ஆண்டுக் காலம் கழித்ததே தவறு. தெரியாமையின் விலையை மலர்த்தோட்டத் தொழிலாளரும், விமான நிலையத் தரையில் படுத்துறங்கிய பயணியும் கொடுத்தனர்.

இத்தனை கதைகளிலும் பொதுவான ஓர் உண்மை உண்டு. எரிமலைச் சாம்பலால் பயணியர் விமானம் விழுந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததாக இன்றுவரை பதிவில்லை. இது மகிழ்ச்சிக்குரியது, ஆபத்தானதும் கூட. ஏனெனில் நேராத விபத்துக்குக் கணக்கு எழுத முடியாது. ரத்தான பயணத்தின் இழப்பு ரூபாயில் தெரியும். அந்தப் பயணத்தில் நிற்காமற்போன இயந்திரத்தின் மதிப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. காவல் சரியாக இருக்கும்வரை காவற்காரன் வீண்செலவாகவே தோன்றுவான். அந்த மனநிலையே எரிமலைக் கண்காணிப்புக்கு ஒதுக்கப்படும் பணத்தின்மேல் முதலில் கைவைக்கிறது.

இந்தியாவுக்கு இது தொலைநாட்டுச் செய்தியாகவே இருந்துவந்தது, 2025 நவம்பர் வரை. அம்மாதம் 23-ஆம் நாள் எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்னும் எரிமலை வெடித்தது. கடந்த பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில் அது வெடித்ததாக அறியப்பட்ட பதிவு எதுவும் இருக்கவில்லை. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்த சாம்பல் செங்கடலைக் கடந்து, ஏமன், ஓமன் வழியே பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் அடைந்தது. மறுநாள் இரவு அது தில்லியின் மேல் இருந்தது. துலூஸ் மையம் எச்சரிக்கைகளை வெளியிட்டது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், சாம்பல் பரவிய உயரங்களையும் பகுதிகளையும் தவிர்க்குமாறும், ஐயத்துக்குரிய நெடியோ இயந்திர மாறுபாடோ தென்பட்டால் உடனே தெரிவிக்குமாறும் நிறுவனங்களைப் பணித்தது. ஆகாசா ஏர் மேற்காசியச் சேவைகள் சிலவற்றை நிறுத்தியது. ஏர் இந்தியா, அவ்வழியே பறந்திருந்த விமானங்களைச் சோதிப்பதற்காகச் சில பயணங்களை ரத்து செய்தது.

அந்த இரண்டு நாட்களில் தொலைக்காட்சிகளும் சமூக ஊடகங்களும் எதைப் பேசின? பெரும்பகுதி, தில்லியின் மாசு இனி என்னவாகும் என்பதே. சாம்பல் பல கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது, தரைக்காற்றின் தரத்தை அது பெரிதாக மாற்றாது என்று வானிலை அறிஞர்கள் விளக்கிய பின்னரும் அப்பேச்சு ஓயவில்லை. மக்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ‘சாம்பல்’ என்றால் புகைக்கு உறவு, புகை என்றால் மூச்சுக்குப் பகை என்று சொல் காட்டிய வழியிலேயே மனம் சென்றது. எவருடைய மூச்சையும் தொடாத உயரத்தில் சென்ற அத்தூளின் உண்மையான ஆபத்து, அதே உயரத்தில் பறந்த விமானங்களுக்கே இருந்தது. பயணம் ரத்தானவர்கள், ‘வெறும் சாம்பலுக்காகவா?’ என்று கேட்டனர். அந்த ‘வெறும்’ என்ற அடைமொழி சாம்பல் என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. ‘கண்ணாடித் தூள்’ என்று செய்தியில் ஒரு முறை சொல்லியிருந்தால் அவ்வினாவே எழுந்திராது.

அந்த நாட்களில் அதிகம் பேசப்படாத மற்றொன்றும் உண்டு. ஹைலி குப்பி, மிகக் குறைவாகவே ஆராயப்பட்ட எரிமலை. ஐஸ்லாந்தின் எரிமலைகளைச் சுற்றி நில அதிர்வுமானிகளும் நிலவீக்கத்தை அளக்கும் கருவிகளும் நிற்கின்றன. அங்கே நிலம் முனகினால் லண்டனுக்குத் தெரியும். அஃபாரின் பாலையில் அத்தகைய காவல் இல்லை. வெடித்த பிறகு செயற்கைக்கோள் கண்டது. அதன் பின்னரே உலகம் அறிந்தது. சாம்பல் இந்தியாவை அடைய ஒரு நாளுக்கு மேல் ஆனதால் காலம் கிடைத்தது. எரிமலைக்கு மிக அருகே, செங்கடலின்மேல் அந்நேரத்தில் பறப்பவருக்கு அத்தகைய காலம் கிடைக்காது. 14 கிலோமீட்டர் என்பது பயணியர் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேல். அதை எட்டச் சீறி எழும் சாம்பல் தூணுக்கு நெடுநேரம் தேவையில்லை.

எரிமலை இருக்கும் வட்டாரத்தில் அஃப்தேரா என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் கால்நடை மேய்ப்பவர்கள். சாம்பல் அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தின்மேல் படிந்தது. ஆடும் ஒட்டகமும் தின்பதற்குப் புல் இல்லாமற்போயிற்று. தில்லியில் விமானம் ரத்தானது ஒரு நாள் செய்தி. அஃப்தேராவில் புல் மூடப்பட்டது ஒரு பருவத்துத் துயரம். இரண்டையும் முன்கூட்டிச் சொல்லக்கூடிய கருவி ஒன்றே: எரிமலையின் அருகில் நடப்படும் அதிர்வுமானி. மேய்ப்பவனைக் காப்பதும் விமானத்தைக் காப்பதும் வெவ்வேறு செலவுகள் அல்ல. ஏழை நாட்டின் எரிமலைக்குக் காவல் வைப்பதை உதவித்தொகையாகக் கருதும் பார்வை இங்கேதான் பொய்த்துப்போகிறது. அந்நாட்டின் மேலே பறக்கும் ஒவ்வொரு விமானமும் அக்காவலின் பயனைப் பெறுகிறது. செலவில் பங்கேற்பதே முறை. வான்வெளியைக் கடக்கக் கட்டணம் செலுத்தும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஒரு சிறுபகுதி நிலத்தடியைக் கேட்கும் கருவிகளுக்குச் செல்வது பெரிய புரட்சியன்று.

இந்தியாவும் இதில் பார்வையாளர் மட்டுமன்று. போர்ட் பிளேரிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலில் பேரன் தீவு எரிமலை இருக்கிறது. நெடுங்கால உறக்கத்துக்குப் பின் 1991-இல் விழித்த அது, இடையிடையே இன்றும் சீறிவருகிறது. மனிதர் வாழாத தீவு என்பதால் நிலத்தில் இழப்பில்லை. அதன் சாம்பலைப் பற்றிய எச்சரிக்கையை ஆஸ்திரேலியாவின் டார்வின் மையம் வெளியிடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குச் செல்லும் விமானங்களும், அந்தமானுக்கே செல்லும் விமானங்களும் வங்கக்கடலையும் அந்தமான் கடலையும் நம்பியே பறக்கின்றன. நாட்டில் செயற்படும் ஒரே எரிமலையைத் தொடர்ச்சியாகக் கண்காணிப்பதும், அந்தச் செய்தியைத் தாமதமின்றி வானில் உள்ளவருக்குக் கடத்துவதும் இந்தியா உலகுக்குச் செய்யவேண்டிய தன் பங்கு. அஃபாரைப் பற்றிப் பேசும் தகுதி பேரன் தீவிலிருந்து தொடங்கவேண்டும்.

ஊடகங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ‘சாம்பல்’ என்ற சொல்லை மாற்றவேண்டிய தேவையில்லை. வழக்கில் ஊன்றிய சொற்கள் கட்டளைக்கு விலகுவதில்லை. ஆனால் அச்சொல் வரும் முதல் இடத்தில், இது எரிந்த பொருளின் நீறு அன்று, பாறையும் கண்ணாடியுமான தூள் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கலாம். அது எந்த ஆசிரியருக்கும் இடநெருக்கடி தராது. விமான நிறுவனங்களும், ‘செயற்பாட்டுக் காரணங்களால் ரத்து’ என்னும் பொருளற்ற தொடரை விட்டு, ‘இயந்திரத்துக்குள் உருகிப் படியும் தூள் வழியில் இருப்பதால் ரத்து’ என்று பயணிக்குச் சொல்லலாம். காரணம் தெரிந்தவர் காத்திருப்பார். காரணம் மறைக்கப்பட்டவரே கூச்சலிடுவார்.

1982-இன் அந்த இரவில், எரிக் மூடி பயணிகளிடம் சிறு சிக்கல் ஒன்று நேர்ந்திருப்பதாக அமைதியாக அறிவித்தார். அந்த நிதானம் இன்றும் புகழப்படுகிறது. ஆனால் அதே இரவில் ஜகார்த்தாவை நோக்கிச் சென்ற மற்றொரு வாக்கியம் குறைவாகவே நினைக்கப்படுகிறது. அதைக் காப்பாற்றியது அருகில் பறந்த ஒரு விமானம். கேட்டதைப் புரிந்துகொண்டு மீண்டும் சொன்ன ஒரு குரல். எரிமலைக்கும் விமானத்துக்கும் இடையே நிற்கும் கண்காணிப்பு நிலையம், ஆலோசனை மையம், கட்டுப்பாட்டாளர், செய்தியாளர் என அனைவருடைய பணியும் அந்தக் குரலின் பணியே. வானில் உள்ளவர் ‘நான்கு’ என்று சொன்னால், தரையில் உள்ளவர் அதை ‘நான்கு’ என்றே கேட்கவேண்டும். அதற்கு வேண்டிய முன்னறிவைத் தரையில் உள்ளவரிடம் முன்னரே சேர்த்து வைப்பது வானில் உள்ளவரின் வேலையன்று. அது தரையில் உள்ள நாடுகளின் வேலை.